இழுத்தால் அவிழும் முடிச்சு

“மூணாவது முடிச்சு மட்டும் போட மாட்டேன் பாப்பா” என்றார் தேவானைக்கா. அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. உதவி இயக்குநர்களில் நான் கடைசி ஆள். மாலை எந்தத் தோளில் சரிந்திருந்தது, தட்டில் எத்தனை வாழைப்பழம் இருந்தது என்று எழுதிவைத்து, அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்றைக்குத் தாலி கட்டும் காட்சி. கதாநாயகன் மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் நாத்தனாராக நிற்கும் துணை நடிகை அதை வாங்கி முடிச்சுப் போடுவார். கேமரா அந்தக் கைகளை மட்டும் நெருக்கத்தில் எடுக்கும். இரண்டு முடிச்சுதான் விழுந்தது என்று மானிட்டரில் பார்த்துவிட்ட டைரக்டர், மூன்றும் போடச் சொல் என்று என்னை மேடைக்கு அனுப்பியிருந்தார்.

“ஏன்க்கா போட மாட்டீங்க?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணுக்கு இன்னும் கண்ணாலம் ஆவல. மூணும் போட்டா அது நெஜமாயிடும். நான் எந்த ஆர்ட்டிஸ்டுக்கும் மூணு போட்டதில்ல. ரெண்டு போட்டுட்டு மூணாவது போடற மாதிரி கைய ஆட்டுவேன். கேமராவுக்குத் தெரியாது.”

“கேமராவுக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா. அதனாலதான் என்ன அனுப்பியிருக்காங்க.”

அவர் மானிட்டர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்ப வெரல மறைச்சி ஆட்டறேன். நீ போயி மூணும் போட்டாச்சுன்னு சொல்லிடு.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“சினிமா எடுக்க வந்துட்டு பொய்யின்னா பயப்படறியே!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் அவர் இடுப்பில் செருகியிருந்த ஒரு துண்டு மஞ்சள் கயிற்றை எடுத்து, தன் மணிக்கட்டிலேயே சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார்.

“இத்தப் பாரு. பாக்க முடிச்சு மாதிரிதானே கீது? இந்த நுனிய இழு.”

இழுத்தேன். முடிச்சு இருந்த சுவடே இல்லாமல் கயிறு நேராகிவிட்டது.

“ஒன் மோர்னு திரும்ப எடுக்கச் சொன்னா அவுக்கணும் இல்ல? நெஜ முடிச்சு போட்டா ஒவ்வொரு தபாவும் கத்திரிக்கோலத் தேடிக்கினு ஓடணும். அதுக்குள்ள ஹீரோவுக்கு வேர்த்துடும், டச்சப்பு பண்ணணும். என்னுது இழுத்தா வந்துரும். அதுக்குத்தான் என்னியக் கூப்புடறாங்க.”

“எத்தன படத்துல கட்டியிருப்பீங்க?”

“யாரு எண்ணுனா? சீரியலயும் சேத்தா ஊருல பாதி ஹீரோயினுக்கு நான்தான் நாத்தனாரு.”

“நெஜக் கல்யாணத்துல?”

அதை நான் சும்மாதான் கேட்டேன். அவர் கயிற்றை விரலில் சுற்றினார், பிறகு பிரித்தார்.

“இல்ல பாப்பா. எனக்கு ஒரே அண்ணன். அவரு கண்ணாலத்துக்கு நான் போவல. பக்கத்து வூட்டுப் பொம்பள யாரோ முடிச்சுப் போட்டாங்களாம். வர்ற மாசியில அவருக்கு அறுவது முடியுது. திரும்பவும் அண்ணிக்குத் தாலி கட்டுவாரு. அப்பவாவது நான் போடணும்.”

“போடுங்களேன்.”

“கூப்புடணுமே” என்றார். அதற்குள் மைக்கில் எல்லாரையும் இடத்துக்கு வரச் சொன்னார்கள். நான் இறங்கி வந்து, மூன்றும் போடுவார் என்று டைரக்டரிடம் சொன்னேன். தேவானைக்கா இரண்டு போட்டு மூன்றாவதற்கு விரலை மறைத்துக்கொண்டு கையை ஆட்டினார். டைரக்டர் ஓகே சொன்னார்.

அந்தப் படத்தில் அவருக்கு முப்பது நாள் வேலை இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது அவருக்கு வசதியாக இருந்தது. அந்த முப்பது நாளில் அவர் சொன்னதும், பிறகு நான் நேரில் பார்த்ததும்தான் இது.

பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் கடலுக்குப் போகிற குடும்பம் அவர்களுடையது. கல்யாணமான பிறகு தேவானைக்கா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மந்தைவெளித் தெருக்களில் விற்றார். ஒருநாள் காலையில் ஒரு தெருவில் ஷூட்டிங். மீன்காரியாக நடிக்க ஏற்பாடு செய்திருந்த பெண் வரவில்லை. கூடையோடு போய்க்கொண்டிருந்த இவரை நிறுத்தி, “நீங்களே நடந்து போங்க, அது போதும்” என்றார்கள். நடந்தார். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, “இவங்களப் பாத்தா மீன்காரி மாதிரியே இல்லையேப்பா” என்றாராம். கூடையில் இருந்த சங்கரா மீன் உட்பட எல்லாம் நிஜம். ஆனாலும் நம்பும்படியாக இல்லை.

“அப்பால ஒரு பட்டுப் பொடவயக் குடுத்து, கண்ணாலக் கூட்டத்துல நிக்க வெச்சாங்க. அதுல மட்டும் பொருத்தமா கீறேன்னுட்டாங்க. பாரேன், மீனு வித்தவளுக்கு மீன்காரி வேசம் பொருந்தல. நாத்தனாரா போவாதவளுக்கு நாத்தனாரு வேசம் பொருந்திக்கிச்சு.”

மீன் அரிந்து பழகிய விரல்கள் என்பதால் வேகம் இருந்தது. கைகள் நெருக்கத்தில் நன்றாகத் தெரிந்தன. ஏஜென்டுகள் அவர் பெயருக்கு எதிரே ‘நாத்தனார்’ என்றே எழுதிவைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்ததும் ஒரு குடும்பச் சண்டைக் கதைதான். அண்ணனும் தங்கையும் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு கல்யாணத்தில் சேர்ந்துவிடுவார்கள். சிரிப்புப் படம். தேவானைக்காவுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை.

“ஒரே பாட்டுல சேத்துட்டீங்க. எங்க வூட்டுல முப்பத்திமூணு வருசமா பாடிக்கினு கீறோம்.”

முப்பத்திமூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. தேவானைக்காவைக் குப்பனுக்குக் கட்டிக்கொடுத்தபோது, இரண்டு குடும்பமும் ஒரு பேச்சுப் பேசியிருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. குப்பனின் தங்கை பூங்காவனத்தை, தேவானைக்காவின் அண்ணன் தங்கவேல் கட்டிக்கொள்ள வேண்டும். தங்கவேல் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவர் அந்த நேரத்தில் திருவான்மியூர் மார்க்கெட்டுக்குப் போய்த் தினமும் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தார்.

“எங்கம்மா தலையில கைய வெச்சிக்கினாங்க. வூட்டுல மீனு மலையா கெடக்குது, புள்ள எங்கியோ போயி காசு குடுத்துக் கருவாடு வாங்கினு வர்றான்! பேய் புடிச்சிருக்குதுன்னு மந்திரிக்கக் கூட இட்டுனு போனாங்க. அப்பால பாத்தா, கருவாட்டுக்காரிதான் புடிச்சிருக்கா.”

அந்தக் கருவாட்டுக்காரிதான் தேசம்மா. தங்கவேல் அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றார். அம்மா அழுது ஓய்ந்து ஒத்துக்கொண்டார். ஆனால் கொடுத்த வாக்கு உடைந்தது குப்பன் வீட்டில். தேவானைக்கா இருந்ததும் அந்த வீட்டில்.

கல்யாணத்தன்று காலையில் அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். வாசலில் குப்பன் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே பூங்காவனம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“அவரு போன்னும் சொல்லல, போவாதன்னும் சொல்லல. வலைய கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்னா கூட நான் தாண்டிப் போயிருப்பேன். உள்ள ஒரு பொண்ணு அழுவறா. எப்புடிப் போறது? பொடவய அவுத்து வெச்சிட்டு ஒல வெச்சேன்.”

குப்பன் இறந்து ஐந்து வருடமாகிறது. அதுவரை அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

பழைய குடிசைகள் போய்க் குடியிருப்பு வாரிய வீடுகள் வந்தபோது, யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் போட்டார்கள். தேவானைக்காவுக்கு இரண்டாவது மாடி. அதே படிக்கட்டில் தரைத்தளத்தில் தங்கவேல், தேசம்மா. தேவானைக்கா தன் வீட்டுக்கு ஏறவும் இறங்கவும் அண்ணி வாசலைத் தாண்டியாக வேண்டும். அண்ணி என்று அவர் என்னிடம்தான் சொல்வார். நேரில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தேசம்மாவும் அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியதை வேறு யாரிடமாவது பேசினார்கள்.

ஷூட்டிங்குக்குத் தேவானைக்கா காலையில் இறங்கும்போது, தேசம்மா வாசலில் படுத்திருக்கும் பூனையிடம் கேட்பார்: “இன்னா, விடியறதுக்குள்ள பவுடர அப்பிக்கினு கெளம்பிட்டியா? எவ வூட்டுத் தாலிய முடியப் போற?”

தேவானைக்கா தண்ணீர்க் குழாயடியில் இருக்கும் தன் குடத்திடம் பதில் சொல்வார்: “சிலருங்க மாதிரி கருவாட்டுக் கூடையிலயே குந்திக்கினு கெடக்காத. நாலு எடம் போ, நாலு பேரப் பாரு.”

இரண்டுக்கும் நடுவில் தங்கவேல் பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அவர் இரண்டு பக்கமும் சாய்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே ஒரு சாப்பாடு, மேலே ஒரு சாப்பாடு. இரண்டையும் முழுதாகச் சாப்பிடுவார். ஒரு வீட்டில் குறைத்துச் சாப்பிட்டால் அது மற்ற வீட்டுக் குழம்பைப் புகழ்ந்ததாகிவிடும்.

குப்பன் இறந்தபோது மட்டும் தேசம்மா வீட்டிலிருந்து மூன்று நாளும் சோறு மேலே வந்தது. தங்கவேல்தான் தூக்குப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். யார் சமைத்தது என்று இவர் கேட்கவில்லை. பாத்திரத்தைத் தேய்த்து வெயிலில் காயவைத்து, வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். “அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாய் வரல” என்றார் என்னிடம்.

தை பிறந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. தங்கவேலின் மகன் புகழேந்தி மேலே வந்து, “அத்த, நீங்கதான் முன்னால நிக்கணும்” என்று பத்திரிகையை நீட்டினார். தேவானைக்கா வாங்கவில்லை.

“உங்கம்மா எங்க?”

“கீழ கீறாங்க அத்த.”

“நாத்தனாரக் கூப்புடறதுன்னா தட்டுல வெத்தல பாக்கு வெச்சி, பொம்பள வந்து கூப்புடணும். பையன்கிட்ட குடுத்தனுப்ப இது இன்னா கரண்டு பில்லா?”

புகழேந்தி பத்திரிகையோடு கீழே போனார். கீழேயிருந்து தேசம்மா பூனையிடம் சொன்னது மாடி வரை கேட்டது: “படி ஏறி வந்து கெஞ்சணுமாம். அன்னிக்கு நான் மணையில குந்திக்கினு வாசலையே பாத்துக்கினு இருந்தேன். அப்ப ஒருத்தி வாசப்படி தாண்டி வந்தாளா?”

அடுத்த நாள் செட்டில் தேவானைக்கா சாப்பிடவில்லை. இலையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார். “நான் வாங்கியிருக்கணும் பாப்பா. திமிருல திருப்பியனுப்பிட்டேன். இது போச்சுன்னா அப்பால இன்னா கீது? எங்கண்ணனுக்கு எம்பதாவது கண்ணாலம் வர்ற வரிக்கும் நான் இருப்பனா, அவரு இருப்பாரா?”

“நீங்களே போய்க் கேளுங்களேன்” என்றேன்.

“அதுக்கு மின்ன ஒருத்தியக் கேக்கணும்” என்றார்.

பூங்காவனத்தைத்தான் சொன்னார். அவள் காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். அவளுக்காகப் போகாமல் இருந்த கல்யாணம். இப்போது போவதென்றால் அவளிடம் கேட்காமல் போகக் கூடாது என்பது தேவானைக்காவின் கணக்கு. ஷூட்டிங் இல்லாத ஒரு நாளில் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்து அந்தச் சந்திப்பை எனக்கு நடித்தே காட்டினார். இரண்டு குரலும் அவரே பேசினார்.

“பூங்காவனம், நான் உன்னியக் கேக்காம அங்க போவ மாட்டேன்.”

“எங்க போவ?”

“எங்கண்ணன் கண்ணாலத்துக்கு.”

“போயேன். எனக்கும் ஒரு சாப்பாடு கட்டிக்கினு வா.”

“வெளையாடாத. அன்னிக்கு நீ சொவத்தப் பாத்துக்கினு அழுதது இன்னும் என் கண்ணுல கீது.”

“அழுதனா? யாரு? எனக்கு உங்கண்ணன் மூஞ்சியே புடிக்காது. எந்நேரமும் கருவாட்டு நாத்தம். கண்ணாலம் நின்னுபோச்சுன்னதும் சிரிப்பு தாங்கல. எங்கண்ணன் பாத்தா ஒதைக்கும்னு சொவத்துப் பக்கம் திரும்பிக்கினேன்.”

இதைச் சொல்லும்போது தேவானைக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

“முப்பத்திமூணு வருசம் பாப்பா” என்றார் துணிக்குள்ளிருந்து. “ஒரு வார்த்த அவள நான் கேக்கல. அவ முதுகப் பாத்தே முடிவு பண்ணிட்டேன்.”

அன்று சாயங்காலமே அவர் அண்ணி வாசலில் போய் நின்றார். தேசம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தங்கவேல் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். புகழேந்தி எழுந்து நின்றார்.

“திருப்பி அனுப்புன பத்திரிகைய வாங்கினு போலாம்னு வந்தேன்” என்றார் தேவானைக்கா, நிலைப்படியைப் பார்த்து.

தேசம்மா தலை நிமிரவில்லை. “டேய் புகழு, வாசல்ல யாரோ வந்துக்கீறாங்க. பத்திரிகை கேக்கறாங்க. வெறுங்கையால குடுக்காத. தட்டு எடுத்துக்கினு வந்து, வெத்தல பாக்கு வெச்சிக் குடு.”

வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், ஒரு ஜாக்கெட் துணி. தட்டில் எல்லாம் தயாராகவே இருந்தது என்று தேவானைக்கா கவனித்தார். கொடுத்தது மகன்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டார். படியேறும்போது கீழே பூனையிடம் பேச்சுக் கேட்டது: “கண்ணாலத்தன்னிக்குக் காலையில அஞ்சரைக்கு வண்டி. சினிமாவுக்குப் போற மாதிரி லேட்டாப் போனா நிக்காது.”

கடைசி நாள் ஷூட்டிங்கில் அவர் என்னிடம் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தார். “நீயும் வா பாப்பா. அண்ணி இன்னும் எங்கிட்ட நேரா பேசல. தாலி முடியறப்ப அவங்க முதுகுதான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு தெரிஞ்ச மூஞ்சி எதிருல இருக்கணும்.”

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சின்ன மண்டபம். நான் போனபோது தங்கவேலுக்கும் தேசம்மாவுக்கும் கலசத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரு குடம். தங்கவேல் நடுங்கினார். “போதும், மறுபடி கடலுல வுழுந்த மாதிரி கீது” என்றார். தேசம்மா, “நல்லா ஊத்துங்க, கருவாட்டு வாசன போவட்டும்” என்றார். முப்பத்திமூன்று வருடத்துக் காதல் அந்த ஈரத்தில் அப்படியே தெரிந்தது. தங்கவேலின் தலையைத் தன் புடவை நுனியால் துவட்டிவிட்ட பிறகுதான் தேசம்மா தன் தலையைத் துவட்டினார்.

உடை மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தார்கள். தேசம்மாவின் பின்னால் தேவானைக்கா நின்றார். எத்தனையோ செட்டில் அதே இடத்தில், அதே கோணத்தில் நின்றவர். ஆனால் அன்றைக்குக் கை நடுங்குவது எனக்கு எதிரிலிருந்து தெரிந்தது. ஐயர் சொன்னதும் தங்கவேல் மஞ்சள் கயிற்றை எடுத்தார். கயிறு இரண்டு முறை நழுவியது. “நீயே மூணும் போட்டுடும்மா” என்று நுனிகளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். ஹீரோக்கள் கொடுப்பது போலவே.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர், “அக்கா, கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க. கை மறைக்குது. ம், இப்ப கட்டுங்க” என்றார்.

அவ்வளவுதான். தேவானைக்காவின் நடுக்கம் நின்றுவிட்டது. தோள் இறங்கியது, முழங்கை கேமராவுக்கு விலகியது, விரல்கள் தாமாக ஓடின. மேளம் உச்சத்துக்குப் போனது. எல்லாரும் அரிசி போட்டார்கள். என் வேலையே கைகளைப் பார்ப்பதுதான் என்பதால் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்ல முடியாத தூரத்தில் இருந்தேன்.

தேசம்மா புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். மாலையின் நாரில் கயிற்றின் நுனி மாட்டியிருந்தது. அவர் குனிய, நார் இழுக்க, முடிச்சு இருந்த சுவடே இல்லாமல் கயிறு நேராகித் தாலி அரிசித் தட்டில் விழுந்தது.

மேளம் நின்றது. தேவானைக்கா பழக்கத்தில் சத்தமாக, “ஒன் மோர் போலாம்” என்றார்.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு கிழவி, “ஐயய்யோ, நல்ல காரியத்துல இப்புடியா?” என்று ஆரம்பித்தார். இன்னொருவர், “மொதல்லயே சொன்னேன், வராதவங்களக் கூப்பிட வேணாம்னு” என்றார். புகழேந்தி தட்டை நோக்கிக் குனிந்தார். தேசம்மா கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டு, மணையிலிருந்தே முழுசாகப் பின்னால் திரும்பினார். தேவானைக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

“ஏண்டி! முப்பத்திமூணு வருசம் காக்க வெச்சிட்டு வந்தவ, இத்தக்கூட ஒயுங்காக் கட்ட மாட்டியா? உங்கண்ணன் வேற எவளயாவது பாத்துக்கட்டும்னு அவுத்து வுடறியா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். “அண்ணி... கை பயக்கம் அண்ணி...”

“பயக்கம்! ஒன் மோராம் ஒன் மோரு.” பிறகு கிழவியின் பக்கம் திரும்பினார். “நீ இன்னாத்துக்கு வாயில அடிச்சிக்கினு கீற? பழைய தாலி என் கழுத்துலதான் கீது. இது உபரி.” கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். மறுபடி தேவானைக்காவிடம் வந்தார். “எடு. இறுக்கிக் கட்டு.”

தேவானைக்கா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கயிற்றைப் பிடித்தபடி நின்றார். விரல்கள் நகரவில்லை. “நெஜ முடிச்சு எப்புடிப் போடறதுன்னே வரல அண்ணி.”

“வலைக்குப் போடுவியே, அத்தப் போடு. உங்கப்பன் வூட்டுல அதயாவது கத்துக்கினியா இல்லியா?”

தேசம்மா முன்னால் திரும்பிக்கொண்டு, முடியை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினார். தேவானைக்கா வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். தேசம்மா சத்தமாக எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணாவதையும் போடு. டிவியில ரெண்டு போட்டுட்டு சும்மா கைய ஆட்டுவியே, அந்த வேல இங்க வாணாம்.”

தேவானைக்காவின் கை அப்படியே நின்றது. அந்த மூன்றாவது முடிச்சைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. டைரக்டர் மானிட்டரில் பார்த்திருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு சீரியலிலும் ஒரு சில நொடிதான் அந்தக் கைகள் வரும். அதை யாரோ தரைத்தளத்தில் உட்கார்ந்து, விரல் விரலாகப் பார்த்திருக்கிறார்கள்.

“மூணு” என்றார் தேசம்மா, தோளுக்கு மேலே கையை நீட்டிப் பின்னாலிருந்த கையைத் தட்டி. “அழுவாத. முதுவெல்லாம் ஈரமாவுது. இப்பத்தான் பொடவ மாத்துனேன்.”

முடிச்சு விழுந்தது. மேளம் மறுபடி அடித்தது. தங்கவேல் யார் பக்கமும் பார்க்காமல், கண்ணில் அரிசி விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் தேவானைக்காவுக்கு அண்ணி பக்கத்தில் இலை போட்டார்கள். இருவரும் சமையல்காரரைத் திட்டுவதில் ஒன்றாக இருந்தார்கள். உப்பு சாம்பாரில் அதிகம் என்றார் ஒருவர், ரசத்தில்தான் அதிகம் என்றார் மற்றவர். அந்தச் சண்டை பாயசம் வரை போனது.

வீடியோவை வெட்டி ஒட்டித் தர முடியுமா என்று புகழேந்தி என்னிடம் கேட்டார். ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பட்டினப்பாக்கத்தில் அவர்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, லேப்டாப்பில் முழுதும் பார்த்தார்கள். தாலி விழுந்த இடம் வந்ததும் புகழேந்தி நிறுத்தச் சொன்னார். “இங்கேயிருந்து மூணாவது முடிச்சு வரைக்கும் எடுத்துடுங்க மேடம். நாளைக்கு யாராவது பாத்தா நல்லாருக்காது.” தங்கவேல் தலையாட்டினார். தேசம்மா, “ஆமா, நான் வேற கண்டபடி கத்திக்கினு கீறேன்” என்றார். தேவானைக்காவும், “எடுத்துடு பாப்பா, நல்ல நாளு” என்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நான் கிளம்பியபோது பஸ் ஸ்டாப் வரை வருகிறேன் என்று அவர் கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் என் பையின் வாரைப் பிடித்து நிறுத்தினார். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து என் கையில் வைத்தார்.

“அவங்களுக்குக் குடுக்கறதுல வெட்டிடு பாப்பா. ஆனா வெட்டுனதத் தூக்கிப் போட்றாத. அண்ணி திரும்பி என் மூஞ்சியப் பாத்து ‘ஏண்டி’ன்னு திட்டுறாங்க இல்ல? அந்தத் துண்ட மட்டும் இதுல போட்டுக் குடு. சவுண்டோட போடு.”